ஒரே சட்டியில் நாலு முட்டை

சட்டிக்குள் நாலு முட்டை இருந்தது. காலையில் புறாக்கூண்டைக் கழுவப் போன அண்ணன் மொட்டை மாடியிலிருந்தே என்னைக் கூப்பிட்டான்.

"ஏய், மேல வந்து பாரு. வேற எவளோ வந்து நம்ம சட்டியில முட்ட வுட்டுட்டுப் போயிருக்கா."

பல் துலக்கிக்கொண்டே படியேறினேன். துடைப்பக்குச்சியும் வேப்பங்குச்சியும் அடுக்கிய மண்சட்டியில் நாலு வெள்ளை முட்டை. அவற்றின்மேல் சாம்பல் நிறப் புறா பாதி எழுந்து நின்றது. ஒட்டினாற்போல அதன் ஜோடி, செவலை. கையை நீட்டியதும் இரண்டும் சேர்ந்து இறக்கையால் அடித்தன.

புறா ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். நாலு இருக்கிறது என்றால் இட்டது இரண்டு பெட்டைகள். முட்டையிடும் காலம் என்று கூண்டில் அந்த ஜோடியின் அறைக்கதவு சில நாளாகக் கம்பி போட்டுக் கட்டியே இருந்தது, வெளியிலிருந்து யாரும் வந்திருக்க முடியாது. இந்த இடத்துக்கு யோசனை வந்து சேர்ந்தபோது வாயிலிருந்த பேஸ்ட் நுரையை விழுங்கிவிட்டிருந்தேன்.

"ண்ணா, இது ரெண்டுமே பொட்டை."

"போடி. செவலை ஆணு. அது சுத்திச் சுத்தி வந்து குமுறுறத நீயே பாத்திருக்க இல்ல?"

பார்த்திருக்கிறேன்தான். தொண்டைக்குள் உறுமிக்கொண்டு, கழுத்தை உப்பிக்கொண்டு, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, சாம்பலைச் சுற்றி வட்டமடிக்கும். இரண்டும் அலகை அலகுக்குள் விட்டு ஊட்டிக்கொள்ளும். பிறகு மேலே ஏறும். சில நாள் செவலை, சில நாள் சாம்பல். அந்த 'சில நாள் சாம்பல்' என்பதை நான் பார்த்தும் கவனிக்காமல் விட்டிருந்தேன். விலங்கியல் முதுகலை இரண்டாம் வருஷம் படிக்கிறவள்.

அதே நொடியில் இன்னொன்றும் தோன்றியது. இதை வைத்து அம்மாவிடம் சொல்லிவிடலாம்.

சொல்ல வேண்டியது என்ன என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை சுற்றிச் சுற்றித்தான் வருவேன். கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தியை நான் காதலித்தேன். அவளும் என்னை. இளங்கலை முழுக்க, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள். அவள் தாத்தா சொல்தாவாக இருந்தவர், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு வரன் தேட வேண்டியதில்லை, கட்டிக்கொண்டால் பிரான்சு போகலாம் என்று வாசலுக்கே வரும். அவளுக்கும் வந்தது. அவள் சரி என்றாள். யாரும் அவளை அடிக்கவில்லை, அறையில் போட்டுப் பூட்டவில்லை. "எனக்கு அவ்ளோ தைரியம் இல்லடி" என்றாள், லாஸ்பேட்டை மைதானத்து ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். கல்யாணம் முடிந்து பிரான்சுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியாது. அழவில்லை. வகுப்புக்குப் போனேன், கரப்பான்பூச்சி அறுத்தேன், பஸ்ஸில் சண்டை போட்டு ஜன்னலோரம் பிடித்தேன். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தொட்டால் தெரியும், ஆனால் அது நம்முடைய கன்னமாக இருக்காது. அந்த மாதிரி, உடம்பு முழுக்க.

அம்மாவோ தன் பாட்டுக்கு என் ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டாள். அரியாங்குப்பத்தில் இருக்கும் பெரியம்மா ஒரு பையனைச் சொல்லியிருந்தாள். படிப்பு முடியட்டும் என்று நான் சொல்லிச் சொல்லிக் கடத்தியாயிற்று. படிப்பு முடியப் போகிறது. அவர்கள் பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, நாள் குறிப்பதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை. மாற்றல் போட்டதிலிருந்து சனி ஞாயிறு மட்டும் வருகிற மனிதர், அம்மா சொன்னால் சரி என்பார். ஆக, சொல்ல வேண்டியது அம்மாவிடம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிடந்தவளுக்குத்தான் சட்டியில் நாலு முட்டை கிடைத்தது.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் அதன் அடிவேர் வரை போகாமல் விட மாட்டேன். மனசு மரத்துக் கிடந்தபோதும் அந்தப் பழக்கம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, ஆளில்லாத வீட்டில் ஓடும் மின்விசிறி மாதிரி. முதலில் முட்டைகளைச் சோதித்தேன். ஒரு வாரம் அடைகாத்த முட்டையைத் துணிக்குள் வைத்துப் போன் வெளிச்சத்தில் பிடித்தால், கரு கூடியிருந்தால், உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடும். இவை நாலும் மஞ்சள் பல்பு போலத் தெளிவாக இருந்தன. நாலும் கூமுட்டை.

ஆனால் அவற்றுக்கு அது தெரியவில்லை. சாதாரண ஜோடியில் பகலில் ஆண் உட்காரும், சாயங்காலம் பெட்டை வந்து மறுநாள் காலைவரை உட்காரும். இங்கே ஆண் இல்லை. பகலில் இரண்டும் மாறி மாறிச் சமாளித்தன. சாயங்காலம் ஆனால் இரண்டுமே தன் முறை என்று சட்டிக்குள் இறங்கின. ஒன்றை ஒன்று கொஞ்ச நேரம் தோளால் தள்ளும். பிறகு ஒன்றும் முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துவிடும். இதன் அடியில் இரண்டு முட்டை, அதன் அடியில் இரண்டு. நான் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கூண்டில் ஆண் இல்லாத குறையா என்றும் யோசித்தேன். அடைத்துவைத்த இடத்தில் வேறு வழியில்லாமல் சேர்ந்தவை என்று யாராவது சொன்னால் பதில் வேண்டும் அல்லவா. ஆனால் பக்கத்து அறையில் ஜோடி இல்லாத ஆண்கள் இருந்தன. முட்டையிடும் நாட்கள் தவிர, பகலில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் திறந்துவிடுவான் அண்ணன். அவை வந்து இவற்றிடம் குமுறிப் பார்த்து அடி வாங்கிக்கொண்டு போவதும் உண்டு.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். குரங்கு, டால்பின், செம்மறிக் கிடா, ஒட்டகச்சிவிங்கி, வாத்து, தும்பி. எதைத் தொட்டாலும் ஆணோடு ஆணும் பெட்டையோடு பெட்டையும் சேர்வது இருந்தது. இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. தகவலாகச் சேர்ந்துகொண்டே போனது.

ஒருநாள் தோசை சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"ம்மா, கருப்பு அன்னம்னு ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு ஆணுங்க சேந்து கூடு கட்டி குஞ்சு வளக்குமாம்."

"முட்டைய யாரு வுடறது?"

"ஒரு பொட்டை வந்து வுட்டுட்டுப் போவும். இல்லன்னா இதுங்க வேற ஜோடிய வெரட்டிட்டு அதுங்க கூட்டப் புடிச்சிக்கும்."

"அடப்பாவி" என்றாள் அம்மா, விரட்டப்பட்ட ஜோடிக்காக.

"கடல் பறவையில ரெண்டு பொட்டை வருஷக்கணக்கா ஒண்ணா இருக்கும். ஒட்டகச்சிவிங்கியில ஆணும் ஆணும் கழுத்தக் கழுத்தச் சுத்திக்கிட்டு..."

"சாப்டற எடத்துல இவ ஒருத்தி" என்றான் அண்ணன். "எப்பப் பாரு ஆடு ஏறிச்சு மாடு ஏறிச்சுன்னுக்கிட்டு. இதுக்குத்தான் அப்பா உன்ன படிக்க வச்சாரா?"

"ஏன், நீ மாடியில ஒக்காந்து அதத்தான பாக்கற."

அம்மா சிரித்தாள். "அதுங்களுக்கு என்னா, ஜாதகமா பொருத்தமா. கண்டதோட சேந்துச்சு, போவுது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசையை என் தட்டில் போட்டாள். கண்டதோட சேந்துச்சு, போவுது. இதை எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அதற்குமேல் போகவில்லை.

கெட்டது என்னவென்றால், இந்த ஜோடியைப் பற்றி அண்ணன் பாயிடம் சொல்லிவிட்டான்.

பாய் டவுனில் கைலிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல் மாடியில் புறா. இந்த ஜோடியை விற்றவர் அவர்தான். புறாக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. 'ஜோடி' என்று சொல்லி விற்றால் அது ஜோடியாக இருக்க வேண்டும். தப்பாகிவிட்டால் விற்றவர் தானே வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு சரியான ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கேட்காமலே செய்ய வேண்டும். செய்யாதவனிடம் சண்டே மார்க்கெட்டில் யாரும் புறா வாங்க மாட்டார்கள். அண்ணன் வேடிக்கையாகத்தான் போனில் சொன்னான். பாய்க்கு அது வேடிக்கையாக இல்லை. அப்பா வராத அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டில் மூங்கில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கூடைக்குள் ஒரு வெள்ளைவால் ஆண்.

மேலே வந்ததும் செவலையைப் பிடித்துத் திருப்பி, வாலுக்கு அடியில் இடுப்பெலும்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாம்பலை. இரண்டுக்கும் எலும்பு பெட்டைக்கு இருப்பது போல அகன்று இருந்தது.

"என்னா தம்பி இது" என்றார், அண்ணனே செய்துவிட்டது போல. "நான் விக்கறப்ப இது குமுறிச்சே. மேல ஏறிச்சே. ரெண்டு கண்ணால பாத்தேன். அத வச்சித்தான ஜோடின்னு சொன்னேன்."

"பொட்டையும் குமுறும் பாய்" என்றேன். "பொட்டை மேல பொட்டையும் ஏறும்."

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "என்னா பேச்சு பேசறா பாருங்க பாய் இவ."

"படிக்கிற புள்ள, சொல்லட்டும்மா. நாம இத்தன வருஷம் குமுறினா ஆணுன்னு வச்சிக்கிட்டோம். அவ்ளோ பேரும் அப்படித்தான வச்சிருக்கான்." அவர் செவலையைக் கையிலேயே வைத்திருந்தார். அதன் கண் வட்டமாக, எதையும் பார்க்காமல் திறந்திருந்தது.

நான் அதுவரை யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். இவை இரண்டும் அடைகாக்கிற ஜோடி. கூமுட்டையை எடுத்துவிட்டு, வேறு நல்ல ஜோடியின் முட்டையை இவற்றின் அடியில் வைக்கலாம். பொறித்து, ஊட்டி வளர்த்துக் கொடுத்துவிடும். அண்ணனின் பந்தயப் புறாக்களுக்கு இது லாபம்தான், அவை சீக்கிரமே அடுத்த ஈடு இடும். புறாக்காரர்கள் செய்கிற வேலைதான் இது, நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

"அது நல்ல ஐடியாதான்" என்றான் அண்ணன், பாயைப் பார்த்துக்கொண்டே.

"ஐடியா நல்லதுதான் பாப்பா. ஆனா என் பேரு?" என்றார் பாய். "நாளைக்கு மார்க்கெட்டுல சின்னப் பசங்க கேப்பானுங்க. பாய் ரெண்டு பொட்டைய ஜோடின்னு கொடுத்தாராம், சொல்லியும் மாத்தலியாம்னு. சும்மா ஒரு ஆண வேணா வச்சிட்டுப் போறேன், காசு வாணாம். ஆனா இது இங்க இருந்தா என் தப்பு இங்க இருக்கற மாரி."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் ஒரு விஷயம் முட்டிக்கொண்டு நின்றால் அப்படித்தான்.

"பாய் சொல்றதுதான் நியாயம்" என்றாள் அம்மா. "எவ்ளோ நாள்தான் கூமுட்டைய அடகாக்கும், பாவம். அதுக்கும் ஒரு தொணை வேணும் இல்ல."

"தொணை இருக்கும்மா அதுக்கு."

அம்மா அதற்குள் வாயில் ஒரு துணி கிளிப்பைக் கவ்வியிருந்தாள். அதை எடுத்துக் கொடியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது தொணை இல்ல. அது சும்மா கூட இருக்கறது."

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. இத்தனை நாளாகப் படித்த அத்தனை மிருகங்களும் பறவைகளும் வரிசையில் நின்றன. ஒன்றையும் கூப்பிடவில்லை. பாய் செவலையைக் கூடைக்குள் விட்டுக் கதவைக் கயிற்றால் கட்டினார். அண்ணன் நாலு முட்டையையும் எடுத்து வாழைக்கன்று வைத்திருந்த தொட்டியில் போட்டான். ஒன்று உடைந்து நாறியது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, மண்ணு போட்டு மூடுடா என்றாள்.

அந்தப் பகல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே வந்து குளித்து, நன்றாகச் சாப்பிட்டேன். மீன்குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாம்பலையும் வெள்ளைவாலையும் நடுவில் கம்பிவலை வைத்த பெட்டியில் அடைத்தான் அண்ணன். பார்த்துப் பழகட்டும் என்று சில நாள் அப்படி வைப்பார்கள். சாம்பல் முதலில் மூலையில் நின்றது. தீனி எடுத்தது, தண்ணீர் குடித்தது. பிறகு வலையருகே வந்தது. வலையை எடுத்தபோது சண்டை இல்லை. வெள்ளைவால் குமுறியது, சாம்பல் தலை தாழ்த்தியது. மாசம் முடிவதற்குள் சட்டியில் இரண்டு முட்டை. துணிக்குள் வைத்து வெளிச்சம் பிடித்தேன். சிவப்பு நரம்பு, நடுவே துடிக்கிற ஒரு புள்ளி. என் துறையில் இதைவிட அழகான காட்சி கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலை செவலை வந்துவிட்டது.

அவை ஹோமர் ரகம், பழகிய கூண்டுக்குத் திரும்புகிறவை. பறக்காமல் இருக்கப் பாய் இறக்கையில் டேப் சுற்றி வைத்திருந்தார். எப்படியோ அது கழன்றிருக்கிறது, பிசின் மட்டும் இறகில் கறுப்பாக ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். கூண்டு திறந்திருந்தது. செவலை இறங்கி, நேராகத் தன் பழைய அறைக்குள் போனது. உள்ளே சாம்பல் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. வெள்ளைவால் பாய்ந்து வந்து செவலையைக் கொத்தி வெளியே தள்ளியது. மறுபடி போனது. மறுபடி தள்ளியது. சாம்பல் எழவில்லை. கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது, பிறகு அடியில் ஒரு முட்டையை அலகால் சரிசெய்துகொண்டது.

செவலை தொட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் வரைக்கும் அங்கேயே. நான் கல்லூரிக்குப் போகவில்லை. சாயங்காலம் அண்ணன் வந்து சோளம் போட்டுப் பிடித்தான், பாய்க்குப் போன் செய்தான்.

அம்மாவும் மேலே வந்து பார்த்தாள். கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஒக்காந்திருக்கு. ஒண்ணும் ஆவல பாரு" என்றாள். "எல்லாம் பழகிடும்."

நான் கொடியிலிருந்து துணிகளை உருவ ஆரம்பித்தேன். அம்மாவும் மறுமுனையிலிருந்து உருவினாள். நடுவில் ஒரு போர்வை. அதன் இரு முனையை அவள் பிடிக்க, இரு முனையை நான் பிடித்து மடித்தோம்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணுதா?" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"அதான், பிரான்சுக்குப் போச்சே."

"இல்லம்மா."

"ம்" என்றாள். போர்வையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ சரியாவே தூங்கறதில்ல. கண்ணப் பாரு."

அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அன்றிலிருந்து இதையே யோசிக்கிறேன், விடை இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. செவலை திரும்பி வந்த காலையில், சாம்பல் மட்டும் முட்டையை விட்டு எழுந்து வெளியே வந்திருந்தால், நான் படியில் தடதடவென்று இறங்கி ஓடி, பாரும்மா பாரும்மா என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். அது எழவில்லை என்பதால் அம்மா ஜெயித்துவிட்டாள். ஒரு புறா எழுவதிலும் உட்காருவதிலும் என் வாழ்க்கையை வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவை இரண்டும் எனக்காகச் சேரவில்லை, என்னைத் தோற்கடிக்கப் பிரியவுமில்லை. அன்னம் செய்கிறது, அதனால் நானும் என்றால், அன்னம் அடுத்தவன் கூட்டைப் பிடுங்குவதையும் நான் கணக்கில் சேர்க்க வேண்டும். அவற்றைப் படிப்பேன். அது என் வேலை, விடப் போவதில்லை. அம்மாவிடம் எனக்காகப் பேச அவற்றை அனுப்புவதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்தில் பெரியம்மா வீட்டுக்கு ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன், அம்மா பின்னால். ஓட்டிக்கொண்டே சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஹெல்மெட்டும் காற்றுமாக, அம்மா "என்னா? கேக்கல, சத்தமா சொல்லு" என்பாள். அதைச் சத்தமாகச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் முருங்கப்பாக்கம் தாண்டி, ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் இருக்கும் கரும்புச்சாறு வண்டியில் நிறுத்தப் போகிறேன். அங்கே இரண்டு ஸ்டூல் போட்டிருப்பார்கள். ஐஸ் போடாமல் ஒன்று அம்மாவுக்கு. கிளாஸ் கையில் வந்த பிறகுதான் ஆரம்பிப்பேன். எதையும் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போகிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. அது காலியாவதற்குள், அந்தப் பொண்ணைப் பற்றி நீ கேட்டாய் இல்லையா என்று தொடங்கி, முழுவதையும் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.